மஞ்சள் விளக்கை நிறுத்தி வைத்தேன்

பார்கோடு ஸ்கேனர்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கடையில் கையில் பிடித்து 'பீப்' அடிக்கிறார்களே, அந்த ஸ்கேனர் இல்லை. தொழிற்சாலையில் கன்வேயர் பெல்ட்டின் ஓரமாகக் கம்பத்தில் மாட்டியிருக்கும் லேசர் ஸ்கேனர். செங்கல் அளவுதான் இருக்கும். பெட்டிகள் அதன் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். இது அசையாமல் நின்று ஒவ்வொரு லேபிளையும் படித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எங்கள் அலுவலகம் செகந்திராபாத்தில் ஒரு மாடி அறை. அங்கிருந்து பைக்கில் கிளம்பி ஊரின் நாலு மூலையிலும் இந்தச் செங்கற்களோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்புவேன். மனிதர்களோடு பேசுவதைவிட எனக்கு இது ஒத்துவரும். செங்கல் பொய் சொல்லாது என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வதும் உண்டு. இப்போது அப்படிச் சொல்வதில்லை.

உப்பலில் ஒரு மருந்து பேக்கிங் யூனிட். வேறெங்கோ தயாரான மாத்திரைகளைக் கொண்டுவந்து பெரிய அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, டேப் போட்டு, லேபிள் ஒட்டி லாரியில் ஏற்றுவார்கள். லேபிளின் பார்கோடை எங்கள் ஸ்கேனர் படித்துவிட்டால் பெட்டி நேராகப் போய்விடும். படிக்க முடியவில்லையென்றால் பக்கவாட்டிலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டு பெட்டியைச் சரிவில் தள்ளும். சரிவின் அடியில் ரிஜெக்ட் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார்.

ஐம்பதைத் தொட்ட வயது. நீல ஏப்ரன், தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. தொட்டியில் வந்து விழும் பெட்டியின் லேபிளைப் பார்த்து, அது ஏன் படிக்கப்படவில்லை என்று சொல்வதுதான் அவர் வேலை. லேபிள் அச்சடிக்கும் பிரிண்டரின் ரிப்பன் மடிந்திருக்கிறதா, பிரிண்ட் ஹெட்டில் தூசியா, லேபிள் கோணலாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் பாக்கெட்டிலிருந்து லென்ஸை எடுப்பார். காரணம் தெரிந்ததும் எழுந்துபோய் பிரிண்டர் ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார், புது லேபிள் ஒட்டிப் பெட்டியை மறுபடி பெல்ட்டில் ஏற்றுவார். கான்ட்ராக்ட் ஆள், வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்கிப் புதுப்பிப்பார்கள். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த கணவர் முதுகு போய் வீட்டில் படுத்துவிட்டதால் குடும்பம் இவர் சம்பளத்தில்தான் ஓடியது.

முதல் சில மாதங்கள் அவரிடம் என் அரைகுறைத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தேன். அவரும் பொறுமையாகத் தெலுங்கிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் லேபிள் ரோல் சிக்கிக்கொண்டது. "சனியனே, ஒழுங்கா துப்பித் தொலையேன்" என்று பிரிண்டரைத் தமிழில் திட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்தவராம். என் அப்பா பாதுகாப்புத் துறை வேலையில் மாற்றலாகி வந்தவர். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் நான் அவருக்கு 'சார்', தனியாக இருந்தால் 'தம்பி'.

ஸ்கேனர் எப்படிப் படிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லேசரின் சிவப்புக் கோடு லேபிளின் மேல் ஓடும். வெள்ளை இடம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். திரும்பி வருவதை வைத்து எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை என்று உள்ளே இருக்கும் மின்சுற்று தீர்மானிக்கும். சொல்லும்போது சுலபம்தான். வெள்ளைப் பெட்டி, பழுப்புப் பெட்டி, ஏற்றுமதிக்கென்று பளபளக்கும் லேபிள் என்று ஒவ்வொன்றும் வெளிச்சத்தை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்பும். பெட்டியின் உயரம் மாறினால் தூரமும் மாறும். பழைய ஸ்கேனருக்கு ஒரே ஒரு அளவுதான் தெரியும். பெட்டியை மாற்றினால் நான்தான் போய் அளவை மாற்ற வேண்டும். தார்நாக்கா, ஹப்சிகுடா நெரிசலில் ஊர்ந்துபோய், ஒரு எண்ணை இரண்டு கூட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வருவேன். மறுநாள் பழைய பெட்டியே வரும். அதே எண்ணை இரண்டு குறைக்க அதே நெரிசலில் போவேன்.

அதனால்தான் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஸ்கேனர் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இது சில லேபிள்களைத் தவறவிட்டதும் தானாகவே விழித்துக்கொள்ளும். லேசரின் சக்தியைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கும், திரும்பி வரும் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பெருக்கிப் பார்க்கும், எது கறுப்பு என்ற எல்லைக்கோட்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கும், குவியத்தை அருகிலும் தூரத்திலும் வைத்துப் பார்க்கும். ஒவ்வொரு அளவிலும் சில தடவை படித்து, எதில் அதிகம் படிக்க முடிந்ததோ அதையே வைத்துக்கொள்ளும். இதெல்லாம் இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலேயே முடிந்துவிடும். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். "ரேடியோ ஸ்டேஷன் தேடறதுக்கு ஒரு பெட்டியா?" என்றான். அவனுக்கு எதுவும் ஆச்சரியமில்லை. கிட்டத்தட்ட அதுதான் என்றாலும் எனக்குக் கோபம் வந்தது.

உப்பலில் அதைப் பொருத்தியது நான்தான். அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஸ்கேனர் தன்னைக் கூட்டிக்கொண்டே போக முடியாது, எல்லா அளவுக்கும் ஒரு உச்சி உண்டு. உச்சியை நெருங்கினால் கம்பத்தின் மேல் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். கொஞ்ச நேரத்துக்குள் யாரும் வந்து பார்க்காவிட்டால் லைன் நின்றுவிடும். 'இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் மூச்சு முட்டுகிறது, லேபிளையோ என் கண்ணாடியையோ வந்து பாருங்கள்' என்று அதற்கு அர்த்தம். முதல் வாரமே இதைப் பெரிய பிரசங்கமாக லைன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த அக்கா மட்டும்தான் கேள்வி கேட்டார்.

"விளக்கு எரியலன்னா லேபிள் நல்லாருக்குன்னு அர்த்தமா தம்பி?"

"ஆமாக்கா. எரியாத வரைக்கும் கவலையே வேணாம்."

தசரா வந்தது. இங்கே தசராவுக்கு மெஷின்களுக்கெல்லாம் பூஜை உண்டு. பேக்கிங் யூனிட்டிலும் கன்வேயருக்கு மாவிலை, டேப் மெஷினுக்குச் சாமந்தி மாலை, பிரிண்டருக்குச் சந்தனம் குங்குமம் என்று அமர்க்களமாகச் செய்திருந்தார்கள். எங்கள் ஸ்கேனரையும் விட்டுவைக்கவில்லை. லைன் ஃபிட்டர் பக்திமான். மெஷினுக்கு நெற்றி எது என்று பார்த்திருக்கிறார். செங்கல்லின் முன்பக்கத்தில் பளபளவென்று ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தது. அதன் மேலேயே மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து நடுவில் குங்குமம் வைத்துவிட்டார்.

மறுநாள் லைனை ஓட்டியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது, பஸ்ஸர் கத்தியது, லைன் நின்றது. மறுபடி ஓட்டினார்கள். மறுபடி நின்றது. எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஸ்கேனர் காய்ந்த சந்தனத்தின் வழியாகப் பெட்டிகளைப் படித்துக்கொண்டிருந்தது. எல்லா அளவும் உச்சியில். எனக்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்துத் துடைக்கப் போனேன்.

ஃபிட்டர் என் கையைப் பிடித்தார். "நக்கோ சார்", வேண்டாம் என்றார் பதறிப்போய். பூஜை போட்ட குங்குமத்தைத் துடைக்கக் கூடாதாம், அது தானாக உதிர வேண்டுமாம். இதைத் தெலுங்கிலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். போன வருடம் யாரோ டேப் மெஷினில் துடைத்துவிட்டு அடுத்த வாரமே விரலை நசுக்கிக்கொண்டார்களாம். சுற்றி நின்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். மேனேஜர் வந்தார். அவர் ஆட்களையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை, லைனையும் நிறுத்த விரும்பவில்லை. வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. "மெஷின் படிக்கிறதுதானே? பிறகு எதற்கு இந்தக் கத்தல்?" என்று என்னைக் கேட்டார்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். எச்சரிக்கை என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். விளக்கு அணைந்தது, பஸ்ஸர் அடங்கியது, லைன் ஓடியது. இரண்டே நாள், குங்குமம் உதிர்ந்ததும் வந்து மறுபடி போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பூஜைப் பொங்கல் ஒரு தொன்னையில் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போகவில்லை. ஜீடிமெட்லாவில் ஒரு வேலை வந்தது, அப்புறம் பட்டன்செருவில் ஒன்று. அடுத்த மாதம் வழக்கமான பராமரிப்புக்குப் போனபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உதிர்ந்திருக்கும், அல்லது யாராவது சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் துடைத்திருப்பார்கள். விளக்கு எரியவில்லை. நான்தான் அதை எரியாமல் செய்தவன் என்பது என் மண்டையிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. பராமரிப்புத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அதற்குப் பிறகு ரிஜெக்ட் தொட்டி காலியாக ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு ஷிஃப்டில் பத்துப் பன்னிரண்டு பெட்டி விழும். அது மூன்றானது, ஒன்றானது, பிறகு நாள் முழுக்க ஒன்றும் விழுவதில்லை. மேனேஜர் காலித் தொட்டியைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டார். என்னைப் பார்த்தால் தோளில் தட்டினார். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த அக்கா மட்டும் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பெல்ட்டில் ஓடும் பெட்டிகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு லேபிளைக் காட்டினார்.

"தம்பி, பிரிண்ட் வெளுத்துப் போவுது. இங்க பாரு, கோட்டுக்குக் குறுக்க வெள்ளைவெள்ளையா கீறல். ஹெட்டு தேஞ்சுபோச்சு. முன்னாடியா இருந்தா இது தொட்டில வந்து விழுந்திருக்கும்."

வாங்கிப் பார்த்தேன். கறுப்பு, சாம்பலாகத்தான் இருந்தது. "மெஷின் படிக்குதேக்கா" என்றேன்.

"ஹவ், படிக்குது. கைக்கு, ஏன் படிக்குது? அதத்தான் கேக்கறேன்."

"நம்ம கண்ணவிட அதோட கண்ணு நல்ல கண்ணு. அதனாலதான் படிக்குது. விடுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் லேபிளை மடித்து ஏப்ரன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஸ்டூலுக்குப் போய்விட்டார்.

அடுத்த தடவை நான் போனது ஒரு திங்கட்கிழமை. அன்று காலையில்தான் மேனேஜர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். தொட்டியில் ஒன்றும் விழுவதில்லை, அங்கே ஒரு ஆள் தேவையில்லை, மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிகிறது, இனிப் புதுப்பிக்கப்போவதில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்றரை வாரம் இருந்தது. அக்கா அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"தம்பி, நான் சொன்னா லேடீஸ் பேச்சு, வேலை போவுதுன்னு சொல்றான்னு சொல்லுவாங்க. நீ இன்ஜினியர். லேபிள் சரியில்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. எனக்குத் தொட்டிதான் வேலை. தொட்டில ஒண்ணும் விழலன்னா நான் இல்ல."

"பாக்கறேங்க்கா."

"போன தபா விடுங்கன்னு சொன்ன. பாரு தம்பி, நிஜமா பாரு."

இந்தத் தடவை நிஜமாகப் பார்த்தேன். லேப்டாப்பை இணைத்து, ஸ்கேனர் தன் அளவுகளை எப்படி மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது என்ற பதிவைத் திறந்தேன். தசராவுக்கு முன்னால் கோடு நிதானமாக ஓடியது. தசராவுக்கு மறுநாள் ஒரே ஏற்றமாக ஏறி, சில நாளில் கீழே வந்தது. அது குங்குமம். பிறகு மறுபடி ஏற ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு நாளும் கொஞ்சம். பிரிண்ட் வெளுக்க வெளுக்க, ஸ்கேனர் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. கறுப்பு சாம்பலாக மாற மாற, சாம்பலையே கறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கோடு உச்சியைத் தொட்டுப் பல நாள் ஆகியிருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து யூனிட்டே அமர்க்களப்பட்டிருக்க வேண்டும். எரியவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த டிக் ஞாபகம் வந்தது.

வெளுத்த லேபிள் ஒட்டிய பெட்டிகள் எத்தனையோ லாரிகளில் போயிருக்கும். வாங்குகிறவர்களின் கிடங்கில் இருப்பது சாதாரணக் கை ஸ்கேனர். அது இவற்றைப் படிக்காது. இதை மேனேஜரிடம் சொன்னால் எச்சரிக்கையை நிறுத்தியது யார் என்ற கேள்வி வரும். நிறுத்தியதைக்கூட விளக்கிவிடலாம். மறந்துபோய், அதற்கப்புறம் பராமரிப்புத் தாளில் டிக் வேறு போட்டுக் கொடுத்ததை எப்படி விளக்குவது?

சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்து, என்னைப் பொறுத்தவரை மிகச் சாமர்த்தியமான ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். புதன்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஏதோ வேலையாக வந்ததுபோலப் போய், எச்சரிக்கையை மறுபடி போட்டேன். அதோடு அளவுகளின் உச்சியையும் கீழே இறக்கிவைத்தேன். இனி வெளுத்த லேபிள்களை ஸ்கேனர் படிக்காது. அவை தொட்டியில் விழும். தொட்டி நிறைந்தால் அங்கே ஆள் வேண்டும் என்று மேனேஜருக்கே புரியும். பிரிண்ட் ஹெட்டையும் மாற்றுவார்கள். அக்கா வேலை தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். வெளியே வரும்போது அக்காவிடம், "கவலப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று வேறு சொன்னேன். மனசாட்சிக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் போன் செய்தார். குரல் சரியில்லை. உடனே வரச் சொன்னார்.

தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தொட்டிக்கு வெளியே தரையிலும் பெட்டிகள். கம்பத்தின் மேல் மஞ்சள் விளக்கு. லைன் நின்றிருந்தது. ஆட்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அக்கா ஸ்டூலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் என்னைத் தனியாக அழைத்துப்போகவில்லை. எல்லோர் முன்னாலும் தெலுங்கில் கணக்குப்போட்டுச் சொன்னார். "மூன்று வாரமாக ஒரு பெட்டிகூட விழவில்லை. திங்கட்கிழமை இந்த அம்மாளுக்கு வேலை இல்லை என்று சொன்னேன். வியாழக்கிழமையிலிருந்து மழை மாதிரி விழுகிறது. பிரிண்டரைத் தொடுவது இவர் மட்டும்தான். லேபிளைப் பாருங்கள், எப்படித் தேய்ந்திருக்கிறது. மெழுகோ உப்புத்தாளோ வைத்துத் தேய்த்திருக்கிறார், இல்லாவிட்டால் பிரிண்டரில் எதையோ குறைத்து வைத்திருக்கிறார்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஸ்கேனரில் ஏதாவது கோளாறு இருக்கிறதா?"

"ஸ்கேனர் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.

அது பொய் இல்லை. அந்த நிமிடத்தில் ஸ்கேனர் இருக்க வேண்டியபடி சரியாகத்தான் இருந்தது. என்னைப்போன்ற ஆட்கள் பொய் சொல்லாமலே காரியத்தை முடித்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள்.

"அப்படியென்றால் வேறு யார்?" என்றார் மேனேஜர். கேட்டிலிருந்து செக்யூரிட்டிப் பெண்ணைக் கூப்பிட்டு வரச் சொன்னார். ஏப்ரனைச் சோதிக்க.

அந்தப் பெண் வருவதற்குள் அக்காவே பாக்கெட்டில் கையை விட்டார். "யாரும் என்னத் தொட நக்கோ" என்றார். ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். லென்ஸ். கைக்குட்டை. கணவரின் மாத்திரைச் சீட்டு. பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட். ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய லேபிள் கட்டு. கடைசியாகப் பாக்கெட்டின் துணியையே வெளியே இழுத்துக் காட்டினார். அதிலிருந்து நூலும் பிஸ்கட் தூளும் கொட்டின. ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் அந்த லேபிள் கட்டை எடுத்து, "இதோ" என்றார்.

"இது நான் எடுத்து வெச்ச சாம்பிளு. தேதி எழுதியிருக்கேன்" என்றார் அக்கா தெலுங்கில். மேனேஜர் தேதியைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "சார், அது நான்" என்றேன்.

மேனேஜருக்குப் புரியவில்லை. லேப்டாப்பைத் திறந்து, ஸ்கேனரோடு இணைத்து, பதிவை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். தசராவுக்கு மறுநாள் எச்சரிக்கை நிறுத்தம். இந்தப் புதன்கிழமை மறுபடி போட்டது, உச்சியை இறக்கியது. மூன்றுக்கும் எதிரே என் லாகின். நடுவில் நாள்தோறும் ஏறிய கோட்டைக் காட்டினேன். அக்கா கட்டிவைத்திருந்த லேபிள்களைத் தேதிப்படி ஸ்டூலின் மேல் அடுக்கினேன். கறுப்பிலிருந்து சாம்பல்வரை வரிசையாக இருந்தன. அந்தக் கோடு சொன்னதையே அவையும் சொல்லின. லேபிள் பல வாரமாக மோசம், ஸ்கேனர் அதைச் சமாளித்துக்கொண்டே வந்ததால் தெரியவில்லை, தெரியவிடாமல் செய்தது நான், இவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார், நான் கேட்கவில்லை என்று சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு சுலபமாகத்தான் இருந்தது.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிடங்கில் இருந்த பெட்டிகளை நிறுத்திவைக்கச் சொல்லிப் போன் செய்தார். எங்கள் அலுவலகத்துக்கு எழுதினார். அங்கே எனக்குக் கிடைத்ததை இங்கே எழுத வேண்டியதில்லை, கிடைக்க வேண்டியதுதான். அக்காவிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பிரிண்ட் ஹெட்டை மாற்றினார்கள், நின்றுபோன பெட்டிகளுக்கெல்லாம் மறுபடி லேபிள் ஒட்டும் வேலையை அக்காவிடம்தான் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் கான்ட்ராக்டையும் புதுப்பித்தார்கள். லேபிள் மோசமானால் ஸ்கேனர் சொல்வதற்கு முன்பே தெரிய வேண்டும் என்று, ஒரு மணிக்கு ஒரு லேபிளைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையும் சேர்ந்துகொண்டது.

மறு வாரம், புது ஹெட்டுக்கு ஏற்ப அளவுகளைச் சரிபார்க்கப் போனேன். என்னை அனுப்ப எங்கள் அலுவலகத்துக்கு மனமில்லை, வேறு ஆள் இல்லை. அக்கா பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து பழைய லேபிளின் மேல் புது லேபிளை ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வழியெல்லாம் தயார்செய்துகொண்டு வந்ததில் பாதி மறந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்கக்கா. அந்த விளக்க நிறுத்தினது தப்பு. நிறுத்திட்டு மறந்தது அதவிடத் தப்பு. தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் கையில் இருந்த லேபிளை ஒட்டி முடித்தார். கட்டைவிரலால் நாலு மூலையையும் அழுத்தினார்.

"மறக்கறது எல்லாருக்கும் இருக்கறதுதான். நான்கூட ரிப்பனத் தலகீழா போட்டிருக்கேன். அது இல்ல தம்பி. அன்னிக்கி பாக்கெட்டுல கைய விட்டேன் பாரு, அப்ப உன் மூஞ்சியத்தான் பாத்தேன். இவன் சொல்லுவான், இப்ப சொல்லுவான்னு ஒண்ணொண்ணா எடுத்து வெச்சேன். நீ லேப்டாப்பப் பாத்துக்கினு இருந்த."

அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சொன்னது உண்மைதான். லேப்டாப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அப்போது நான் திறந்திருக்கவே இல்லை.